முதல் செலக்‌ஷனுக்குப் போகும் பிள்ளைக்கு

ஆண்டு விழாவில் இந்த வருஷம் இசை நாடகம், பாடவும் நடிக்கவும் விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று பள்ளியில் அறிவித்துவிட்டார்கள். நீயும் பெயர் கொடுத்துவிட்டாய். வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவதும் யோசனைதான். ஆனால் நீ இருப்பது மதுரையில். சின்னப் பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்டு, நாடகத்துக்கு எடுத்து, வேடம் கொடுத்துப் பழக்கிய ஊர் இது. 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இங்கேதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். மேடையில் ராஜாவும் ராணியும் முனிவரும் எல்லாமே சிறுவர்கள்தான். அதையடுத்து வந்த சிறுவர் கம்பெனிகளும் பெயரின் முன்னால் மதுரையைச் சேர்த்துக்கொண்டன: மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா, மதுரை தேவி பால விநோத சங்கீத சபா. எம்.ஜி.ஆர். சிறுவனாகப் போய்ச் சேர்ந்தது ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில்.

அங்கே சேர வந்த பிள்ளைகள் பெரும்பாலோருக்கு நடிப்பு தெரியாது. ஏதோ ஒரு பாட்டு தெரியும். சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனிக்குப் போய் நின்றபோது பாடச் சொன்னார்கள், பாடினார், எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் ஏறுமா என்பதுதான் அந்தக் கால வாத்தியார்களின் கேள்வி. உன் பாட்டு டீச்சரும் நாடகப் பொறுப்பு சாரும் மனதில் வைத்திருப்பதும் அதே கேள்விதான். முழுசாகத் தேறி வந்தவர்களை அவர்கள் தேடவில்லை. இதை நம்பினால் உன் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை: பெயர் கொடுத்த நாளிலிருந்து

● உன் கட்டையைத் தெரிந்துகொள். நாடகக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கட்டை என்பது கீபோர்டில் சி. இரண்டு கட்டை டி. ஐந்து கட்டை ஜி. குரல் உடையாத பிள்ளைகள் பலருக்கு நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் ஏதோ ஒன்று பொருந்தும். சுருதிப்பெட்டி ஆப் போனில் இலவசமாகவே கிடைக்கிறது. நீ எடுத்த பாட்டில் மிகக் கீழே இறங்கும் வரியையும் மிக மேலே ஏறும் வரியையும் மட்டும் பாடிப் பார். மேலே கத்தாமல், கீழே வெறும் காற்றாகிப் போகாமல் இரண்டும் வருகிற கட்டைதான் உனக்குரியது. அதைப் பாட்டுத் தாளின் தலைப்பில் எழுதிவை. கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் சாரிடம் “சார், அஞ்சு கட்டை” என்று சொல்லிப் பார், அவர் முகமே மலரும்.

● ஒரு பல்லவி, ஒரு சரணம். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சினிமாப் பாட்டு தப்பே இல்லை. காவடிச்சிந்து, தெம்மாங்கு, பாரதி பாட்டு எல்லாமே சரிதான். ஆனால் நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதால், பாட்டுக்குள் ஒரு ஆள் இருக்க வேண்டும். யார் பாடுகிறார், யாரிடம், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் உனக்குப் பதில் தெரிய வேண்டும். பதில் தெரியாத பாட்டு எத்தனை இனிமையாக இருந்தாலும் அதைப் பாட்டுப் போட்டிக்கு வைத்துக்கொள்.

● சொல் கடைசி வரிசைக்குப் போகிறதா என்று பார். மைக் இல்லாத காலத்தில் திருவிழாப் பொட்டலில் கடைசியில் துண்டு விரித்து உட்கார்ந்தவருக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் உச்சக் கட்டையில் பாடிப் புகழ்பெற்ற காலம் அது. அவர்கள் குரலின் உயரத்தை எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்த உயரத்திலும் அவர்கள் பாட்டில் சொல் சிதையாதது. இன்று உன் பள்ளி அரங்கில் மைக் இருக்கும். நாலு பேருக்கு ஒன்று என்று தொங்கும், பாதி நேரம் எதிரொலிக்கும். அதனால் இப்படிப் பழகு: மொட்டை மாடியின் ஒரு மூலையில் நீ நில், மறு மூலையில் அக்காவோ தம்பியோ நிற்கட்டும். கத்தாமல் ஒரு வரி சொல். கேட்டதை அவர்கள் அப்படியே திருப்பிச் சொல்லட்டும். எந்தச் சொல் மாறி வருகிறதோ அந்தச் சொல்லை நீ விழுங்குகிறாய். நம் பக்கத்தில் ‘வாழைப்பழம்’ வாளைப்பளமாகும் என்பது தெரிந்த கதை. வீட்டில் அப்படியே பேசு, அதில் குறை ஒன்றுமில்லை. பாட்டில் மட்டும் ழகரத்துக்கு நாக்கை மடி.

● மனப்பாடம் செய். தாளைப் பார்த்துப் பாடும் பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

● இரண்டு வரி வசனமும் தயாராக வைத்துக்கொள். பாடி முடித்ததும் “ஏதாவது பேசிக்காட்டு” என்பார்கள். பெரிய பக்கமாக வேண்டாம். ஒருவரிடம் ஒன்றைக் கேட்கிற மாதிரி, அல்லது ஒருவரைத் தடுக்கிற மாதிரி நாலு வாக்கியம் போதும்.

செய்யக்கூடாதவை: பழகும் நாட்களில்

● கண்ணகியை முதல் வரியிலேயே கத்தவைக்காதே. மதுரையில் பள்ளி நாடகம் என்றால் பாண்டியன் சபைக் காட்சி வராமல் இருப்பது அரிது. வசனம் பேசச் சொன்னால் பெண்பிள்ளைகளில் நிறையப் பேர் அதைத்தான் எடுப்பார்கள். எடுக்கட்டும், எல்லாக் காலத்துக்குமான காட்சி அது. ஆனால் அவள் அங்கே வழக்குப் பேச வந்தவள். கையில் சாட்சி இருக்கிறது. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவளுக்குத் தெரியும். உண்மை தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவள் எடுத்த எடுப்பில் கத்த வேண்டியதில்லை. அவள் அடக்கிப் பேசப் பேசத்தான் அரசனுக்கு நடுக்கம் வரும். சிலம்பு உடையும் இடத்துக்கு உன் முழுக் குரலையும் மிச்சம் வை.

● நடிகர்களை மிமிக்ரி செய்யாதே. வடிவேலு நம் ஊர்க்காரர், அவர் குரல் உனக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருக்கலாம். நண்பர்கள் வட்டத்தில் செய், சிரிக்கட்டும். தேர்வு அறையில் அதைச் செய்தால் டீச்சர் அவரைத்தான் பார்ப்பார். உன்னைப் பார்க்காமலே உன் முறை முடிந்துபோகும்.

● மகரக்கட்டு உடைகிற வயதில் பழைய சுருதியைப் பிடித்துத் தொங்காதே. பையன்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நேற்று வரை ஐந்து கட்டையில் கணீரென்று பாடியவனுக்கு இன்று நடுவரியில் குரல் பிளக்கிறது. நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு உடைவது என்பார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் இதைவிடப் பெரிய பயம் பிள்ளைகளுக்குக் கிடையாது. குரல் போனால் கதாநாயகி வேடம் போகும், ராஜபார்ட் என்னும் நாயகன் வேடம் போகும், சில சமயம் சோறு போட்ட இடமே போகும். உனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே தொண்டையைக் கட்டாயப்படுத்தாதே. கட்டையை இறக்கு. ஏற்ற இறக்கம் குறைந்த பாட்டாக எடு. “குரல் உடைஞ்சுக்கிட்டிருக்கு டீச்சர், கீழேதான் வரும்” என்று முதலிலேயே சொல்லிவிடு. அனுபவமுள்ள எந்த டீச்சரும் அதைக் குறையாக எடுக்கமாட்டார். வசனம் அதிகமுள்ள வேடமாக யோசிப்பார். பெண்பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரலில் கொஞ்சம் காற்றுக் கலக்கும், அதுவும் சரியாகிவிடும். வலித்தால் நிறுத்து, இரண்டு மூன்று வாரம் கரகரப்பு போகவில்லையென்றால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டு.

● தேர்வுக்கு முந்தின நாள் புதுப் பாட்டுக்கு மாறாதே.

தேர்வு நாளில்

● வெறும் வயிற்றோடு போகாதே. இரண்டு இட்லி போதும். முந்தின ராத்திரி புரோட்டாவும் சால்னாவும் வேண்டாம், விடிந்தும் நெஞ்சைக் கரிக்கும். ஜிகர்தண்டாவை முடிந்த பிறகு வைத்துக்கொள். பாலும் ஐஸ்கிரீமும் இறங்கிய தொண்டையில் கோழை கட்டிய மாதிரி இருந்துகொண்டே இருக்கும். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடி. பாடும் நேரத்தில் மட்டும் மடக் மடக்கென்று குடித்துப் பயன் இல்லை.

● உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் வருகிற பிள்ளையென்றால் ஒரு பஸ் முன்னதாக ஏறு. கோரிப்பாளையத்தில் நெரிசலில் நின்றுவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மூச்சிரைக்க ஓடிவந்து பாடினால் முதல் வரி போச்சு.

● பள்ளிச் சீருடை அல்லது கைகால் வீசி நடக்கத் தோதான உடை. பட்டுப்பாவாடை, கொலுசு, பெரிய ஜிமிக்கி எல்லாம் ஆண்டு விழாவுக்கு. கொலுசுச் சத்தத்தில் உன் வசனம் கேட்காது.

● பத்து நிமிஷம் குரலைச் சூடாக்கு. வாயை மூடி ம்ம் என்று கீழ் சட்ஜத்திலிருந்து மெல்ல ஏறு. பிறகு சரளி வரிசை நிதானமாக ஒரு தடவை. வராண்டாவில் மற்றப் பிள்ளைகளோடு போட்டி போட்டுக்கொண்டு முழுப் பாட்டையும் உச்சத்தில் பாடாதே. உள்ளே போகும்போது குரலில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

● பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பாடுவதைக் கேட்டு உன்னை அளக்காதே. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் மேடையை நினைத்துக்கொள். அனுமந்தராயன் கோயில் தெரு வீட்டில் மண்ணை வைத்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை யாரோ வந்து தூக்கி, கையையும் பாவாடையையும் தட்டிவிட்டு, பக்கத்திலிருந்த சேதுபதி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அம்மா சண்முகவடிவு வீணை வாசித்துக்கொண்டிருந்தார். பாடு என்றார், குழந்தை ஒன்றிரண்டு பாட்டுப் பாடியது. கைதட்டினார்கள். தன் நினைவெல்லாம் மண் விளையாட்டுக்கு எப்போது திரும்பப் போவோம் என்பதிலேயே இருந்தது என்று பின்னாளில் எம்.எஸ். சொன்னார். 1904இல் பாரதி சில மாதம் தமிழாசிரியராக இருந்த அதே சேதுபதி பள்ளிதான் அது. அந்தக் குழந்தைக்கு எதிரே இருந்தவர்கள் யார், என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணமே இல்லை. உன் வயதில் அந்த அளவுக்கு மறக்க முடியாது. பாட்டில் பேசுகிற ஆளுக்கு என்ன வேண்டும் என்று மறுபடி நினைத்துக்கொண்டால் கொஞ்சமாவது மறக்கலாம்.

அறைக்குள்

● வணக்கம் சொல், பெயர், வகுப்பு, பாடப்போவது என்ன என்று சொல். “தொண்டை சரியில்லை”, “நேத்துத்தான் பழகினேன்” என்று ஆரம்பிக்காதே. அவர்கள் கேட்கத் தயாராக இருக்கிறார்கள். கேட்கும் முன்பே நீ மன்னிப்புக் கேட்டால் அவர்கள் கவனம் குறையைத் தேடத் தொடங்கும்.

● உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே பார்த்துப் பாடு. கண்ணை மூடாதே. கையால் தொடையில் தாளம் போடாதே. கச்சேரியில் அது அழகு, நாடகத்தில் அந்தக் கை உன் பாத்திரத்தின் கை.

● வரி மறந்தால் நிற்காதே. ராகத்தை இழுத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போ. நாக்கைக் கடிப்பது, தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் வேண்டாம்.

● பாதியில் “போதும்மா” என்றால் பயப்படாதே. பட்டியலில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், தேவையானதைக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

● மாற்றிச் செய்யச் சொன்னால் மாற்று. முதல் தேர்வில் பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். “இதையே அழாம, கோபமா பாடு”, “அரசனாப் பேசினியே, இப்ப அதே வசனத்தைக் காவல்காரனாப் பேசு” என்று சொல்வார்கள். நீ செய்தது பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பிடிக்காமல் போயிருந்தால் நன்றி சொல்லி அனுப்பியிருப்பார்கள். சொன்னது ஏறுகிறதா என்று இப்போதுதான் பார்க்கிறார்கள். வீட்டில் எப்படிப் பழகினாயோ அதையே இன்னும் சத்தமாகத் திருப்பிச் செய்தால் அந்த வாய்ப்பு போய்விடும். புரியவில்லையென்றால் கேள்: “கோபம் யார் மேல, சார்?” இப்படிக் கேட்கிற பிள்ளையை எந்த நாடகக்காரரும் விடமாட்டார். மாற்றிச் செய்தது முதல் தடவையைவிட மோசமாக வந்தாலும் பரவாயில்லை, மாறியிருந்தால் போதும். நாடக நடிகர் டி.கே. சண்முகம் சின்னப் பையனாக மதுரை பால சபாவில் சேர்ந்தபோது அவரிடம் எதையோ கண்ட சங்கரதாஸ் சுவாமிகள், அவர் நடிப்பதற்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். வாத்தியார் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் அப்படித்தான்: அதற்குப் பிறகு அவர் தூக்கம் கெட்டு வேலை செய்யத் தயாராகிவிடுவார். உன் டீச்சரும் ஆண்டு விழா வரை உனக்காக நிறைய நேரம் செலவழிக்கப் போகிறவர். அந்த நேரம் வீணாகாது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

● இன்னொரு பிள்ளையோடு சேர்த்துப் பேச வைத்தால் அவர் சொல்வதைக் கேள். உன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பது கேட்பது ஆகாது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் போடுகிறார்களே, அதில் நடிகர்கள் ஒரே குழுவாக ஒத்திகை பார்த்து வருவதில்லை. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூனும் ஹார்மோனியக்காரரும் இன்னொரு பக்கத்திலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். இருந்தும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது, தர்க்கத்தில் வள்ளியும் வேடனும் வார்த்தைக்கு வார்த்தை மடக்குகிறார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பது ஒரு காரணம். எதிராளி இந்த நிமிஷம் என்ன சொன்னார் என்பதில் காதை வைத்திருப்பது இன்னொரு காரணம்.

● வேடம் கேட்டுச் சண்டை போடாதே. எந்த வேடம் வேண்டும் என்று படிவத்தில் இருந்தால் விருப்பத்தை எழுது. கீழே ‘எது கொடுத்தாலும் செய்வேன்’ என்றும் எழுது, மனதார முடியுமானால். சிவாஜிக்குக் கம்பெனியில் முதலில் கிடைத்தது சீதை வேடம். டி.கே. சண்முகம் கிழவி வேடம் போட்டு ஔவை சண்முகம் ஆனார். சென்னையில் ஒரு பெரிய சாலைக்கே அந்தப் பெயர் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊரிலேயே கே.பி. ஜானகி அம்மாள் இருந்தார்: நாடகக் கம்பெனியில் பாடகியாகச் சேர்ந்து கதாநாயகியாகி, மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிச் சிறை சென்று, 1967இல் சட்டமன்றத்துக்கும் போனவர்.

அம்மா அப்பாவுக்குக் கொஞ்சம்

● ஜன்னலுக்கு வெளியே நின்று வாயசைத்து வரி எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் கண் அங்கேயே போகும்.

● டீச்சருக்குப் போன் போட்டுச் சிபாரிசு செய்யாதீர்கள். கிடைத்த வேடத்தைப் பிள்ளை தன்னுடையதாக நினைக்கவே முடியாமல் போய்விடும்.

● பழைய பாய்ஸ் கம்பெனிகளின் பெருமையைச் சொன்னேன். அங்கிருந்த அடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வீட்டைவிட்டுப் பிரிந்து, ஊர் ஊராகக் கம்பெனி வீட்டில் அடைந்து, பாடம் தவறினால் பிரம்படி வாங்கி வளர்ந்தார்கள். பள்ளிப்படிப்பு போயிற்று. அந்தக் கண்டிப்பால்தான் மேதைகள் வந்தார்கள் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அடி தாங்காமல் ஓடிப்போனவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது? வீட்டில் பழகும்போது ஸ்கேலைக் கையில் எடுக்காதீர்கள்.

● பள்ளி நாடகத்துக்கு யாரும் தேர்வுக் கட்டணம் கேட்கக் கூடாது. சினிமா ஆடிஷன், சீரியல் ஆடிஷன் என்று போனில் வரும் அழைப்புக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள், படம் அனுப்பாதீர்கள், பணம் கட்டாதீர்கள். எங்காவது பிள்ளை பயந்து திரும்பினால் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

● திரும்பி வரும் வழியில் விசாரணை வேண்டாம். ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள். அதுவாகப் பேசும்.

பட்டியல் வந்த பிறகு

● பெயர் இருந்தால் அன்றே ஒரு நோட்டு வாங்கு. டீச்சர் சொல்லும் திருத்தம் ஒவ்வொன்றையும் எழுதிவை. ஒரே திருத்தத்தை மூன்றாம் தடவை சொல்லவைக்காதே.

● பெயர் இல்லையென்றால் அழு, அதில் வெட்கம் இல்லை. மறுநாள் போய், “அடுத்த தடவைக்கு நான் எதைப் பழகணும் டீச்சர்?” என்று கேள். “என்னை ஏன் எடுக்கலை?” என்று கேட்டால் அவர் சமாதானம் சொல்வார், முதல் கேள்விக்குத்தான் உபயோகமான பதில் கிடைக்கும். கோரஸில் இடம் இருக்கிறதா, திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமா என்றும் கேள். வசனம் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைக்கு நாடகம் முழுவதும் மனப்பாடமாகிவிடும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதலில் கூப்பிடுவது அந்தப் பிள்ளையைத்தான்.

● அரசுப் பள்ளியில் படிக்கிறாய் என்றால் கலைத் திருவிழாவுக்குப் பெயர் கொடு. 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பாட்டு, நடனம், நாடகம், கருவியிசை என்று பல பிரிவுகள்; பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரை போகும். மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம்.

● இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று, பெயர் வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் உன் ஊருக்குப் பக்கத்தில் எங்காவது வள்ளி திருமணம் நடக்கும். வீட்டுப் பெரியவர்களோடு போ. ஹார்மோனியக்காரரின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார். பபூன் சிரிக்க வைத்துவிட்டுப் போனதும் எழுந்து வந்துவிடாதே. வள்ளியும் நாரதரும் தர்க்கத்துக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், தூக்கம் கண்ணைச் சுழற்றும். மத்தியானமே ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போனால் அதுவரை தாங்கலாம்.